ஒரு முடியும் இரண்டு லேசரும்

போன கிழமை கண்டி மார்க்கெட்டுக்கு வெளியே, நடைபாதையில் ஒரு லேசர் டோர்ச் வாங்கினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும் பழைய டியூஷன் சேரின் ஞாபகம் வந்துவிட்டது.

எட்டாம் வகுப்போடு மடுல்கெல்லையிலிருந்து இறங்கி, பேக்கரி, லொறி, பிலிமத்தலாவையில் பித்தளைக் கடை என்று சுற்றிவிட்டு, மஹய்யாவையில் சேருடைய டியூஷன் கொட்டகையில், பிள்ளைகள் உட்காரும் வாங்கு அடுக்கும் வேலைக்கு வந்திருந்தேன். இரவில் அதே வாங்குதான் கட்டில். சேர் யாழ்ப்பாணத்துக்காரர், பௌதிகம் படிப்பிப்பவர். தலையில் பெயருக்கும் முடி இல்லை. எனக்கோ தோள் வரை.

புது வகுப்பின் முதல் நாள் இலவசம். அன்று பிடிக்காவிட்டால் பிள்ளைகள் எதிர்ப்பக்கத்து வகுப்புக்குப் போய்விடுவார்கள். பிறகு கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். என் கட்டிலும் போகும். அதனால் சேர் ஒரு வித்தை வைத்திருந்தார்: வெளிச்சத்தோடு வெளிச்சத்தைச் சேர்த்து இருட்டு உண்டாக்குவது. புத்தகத்தில் படித்ததுதான், செய்து பார்த்ததில்லை.

ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டினேன். முதலில் இரண்டு பல்ப். ஒன்றுக்கு ஒரு பங்கு, இரண்டுக்கு இரண்டு பங்கு வெளிச்சம். இதற்கு யாரும் டியூஷனுக்கு வரத் தேவையில்லை. அடுத்து இரண்டு லேசர் டோர்ச்சுகளைச் சுவரில் ஒரே இடத்தில் அடித்தோம். கறுப்புக் கோடு விழும் என்றார் சேர். சிவப்புப் புள்ளி இன்னும் கொஞ்சம் சிவந்தது, அவ்வளவுதான்.

"சேர், இருட்டு எங்க?"

"கரண்ட் போனா வரும் மச்சான்," என்றான் இன்னொரு பையன்.

கடைசி வாங்கு 'கூ' அடித்தது. சேர் மொட்டைத் தலையைத் தடவினார். பிறகு அதிலேயே அடித்துக்கொண்டார்.

"விசரன் நான். ரெண்டும் வேற வேற டோர்ச். பிள்ளையள், அந்நியர் சேர்ந்தா கூடுவினம், அவ்வளவுதான். ஒரே வயித்தில பிறந்த அலையள்தான் ஒண்டை ஒண்டு அழிக்கும். ஒத்துப்போனா நாலு மடங்கு, முரண்டினா சைபர்."

அப்படியானால் ஒரே டோர்ச்சின் வெளிச்சத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எதை வைத்து? சேரின் கை என் தலைக்கு வந்தது.

"சேர், வலிக்குது."

"பேசாம நில்லடா. உன்ர கட்டிலும் இதிலதான் கிடக்கு."

பிடுங்கிய முடியை டோர்ச்சின் வாய்க்குக் குறுக்கே ஒட்டினார். முடியின் இரு பக்கமும் பிரிந்து போன வெளிச்சம் சுவரில் மறுபடி சந்தித்தது. சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு. கூ நின்றது.

அடுத்த கிழமை வாங்கு போதவில்லை. அதன்பின் புது வகுப்பு தொடங்கும்போதெல்லாம் என் முடி போனது. நான் மொட்டையானதற்கு அதுதான் காரணம் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

சேர் இப்போது கனடாவில். கொட்டகை இருந்த இடத்தில் ஃபோன் கடை. பிள்ளைகள் பௌதிகத்தையும் ஃபோனிலேயே படிக்கிறார்கள். அன்று அறைக்கு வந்து, வாங்கிய டோர்ச்சைச் சுவரில் அடித்தேன். வெறும் புள்ளி. கை பழக்கத்தில் தலைக்குப் போய்ச் சும்மா திரும்பியது. கீழே சலூனுக்கு இறங்கி, ஒரு முடி கிடைக்குமா என்று கேட்டேன்.

சலூன்காரர் என் தலையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒண்ண வெச்சு என்னண்ணே பண்ணப் போறீங்க?"