பாட்டுப் பாடி உட்காரவைத்தார்கள்

எனக்குப் பொறுமை கிடையாது. அது ஆண்டவருக்கும் தெரியும், இந்த ஜெபக்கூட்டத்துக்கு வருகிற உங்களுக்கும் தெரியும். அவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் எழுந்தேன்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது என் மகள் மெர்சி கைக்குழந்தை. அவளை ஊரில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு, டைப்ரைட்டிங் படித்த தைரியத்தில் தாராவிக்கு, அண்ணன் வீட்டுக்கு வந்தேன். நிரந்தர வேலை கிடைத்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொள்வதாகப் பேச்சு. கிடைத்ததெல்லாம் லீவ் வேக்கன்ஸிதான். ஒரு டைப்பிஸ்ட் பிரசவத்துக்குப் போவாள், நான் அவள் நாற்காலியில் உட்காருவேன். அவள் திரும்பி வருவாள், நான் எழுந்து தெருவுக்கு வருவேன். ஆபீஸ்கள் நிறைந்த கோட்டைப் பகுதியில் நான் உட்காராத ஆபீஸ் குறைவு.

1966 கோடையில் நாத்தனாரிடமிருந்து கடிதம் வந்தது. ஜூனில் மெர்சியைப் பள்ளியில் சேர்க்கவேண்டும், இனி எங்கள் பிள்ளையாகவே வளரட்டும், அவள் என்னைத்தான் அம்மா என்கிறாள் என்று எழுதியிருந்தாள். நல்ல மனசோடு எழுதியதுதான்.

ஆனால் அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சயான் ஸ்டேஷனில் ஜெபித்தேன், ரயிலில் தொங்கிக்கொண்டு ஜெபித்தேன், ஆபீஸ் மாடிப்படிகளில் ஜெபித்தேன். ஜெபமா அது? சண்டை. போகிற இடத்திலெல்லாம் என் பயோடேட்டாவை நீட்டுவேன். வேலை பார்த்த ஆபீஸ் ஒன்று விடாமல், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம் எல்லாம் அதில் இருக்கும். இரண்டு தாள், நெருக்கி அடித்தது. ஒன்றை விட்டால்கூடப் பொய் என்று என் மனசாட்சி குத்தும். வாங்குகிறவர்கள் முதல் தாளிலேயே நிறுத்திவிட்டு, எங்கேயும் நிலைக்கமாட்டாயோ என்று கேட்பார்கள்.

மே மாதம் ஞானம் அக்கா வீட்டுக் கூட்டத்தில் எனக்காக ஜெபிக்கச் சொல்லி ஜெபக்குறிப்பு கொடுக்க எழுந்தேன். ஒவ்வொரு ஆபீஸாகச் சொல்லிக்கொண்டே போய்ப் பட்டியலின் கடைசிக்கே வந்துவிட்டேன். நம் கூட்டத்து வழக்கம்தான் தெரியுமே, யாராவது நீட்டி முழக்கினால் மெல்ல ஒரு பாட்டுக்குப் பல்லவி எடுத்து உட்காரவைத்துவிடுவோம். நானே பலருக்கு எடுத்திருக்கிறேன். அன்று எனக்கு எடுத்தார்கள். ஆரம்பித்தது பக்கத்துவீட்டு கிரேஸ். மற்றவர்களும் கைதட்டிச் சேர்ந்துகொண்டார்கள். பாதி வாக்கியத்தில் உட்கார்ந்தேன். என் பிள்ளை கைவிட்டுப் போகிறது, இவர்களுக்குப் பாட்டா என்று நெஞ்சு கொதித்தது. இனி இந்தக் கூட்டத்துக்கு வரக்கூடாது என்றே முடிவு செய்தேன்.

மறுநாள் காலை தண்ணீர்க் குழாயில் நான் குடம் பிடிக்கும்போது கிரேஸ் எதிரே வந்து நின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏட்டி, கோவமா? நீ சொன்னதுல ஒண்ணுகூட மனசுல நிக்கல. ஒரே ஆபீஸ்ல உன்னயத்தான் வேணும்னு மூணு தடவ கூப்பிட்டாவன்னு சொன்னியே, அது மட்டுந்தான் நிக்கு," என்றாள்.

எனக்குக் குடம் நிறைந்து வழிந்ததுகூடத் தெரியவில்லை. மூன்று தடவை கூப்பிட்ட அந்த ஆபீஸ் என் இரண்டாவது தாளில், அடியில் கிடந்தது. அதுவரை யாரும் படித்துப் போய்ச் சேராத இடம்.

மாட்டுங்காவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பயோடேட்டாவை மாற்றி அடிக்க மெஷின் கேட்டு உட்கார்ந்தேன். அடிக்குமுன் கண்ணை மூடி, ஆண்டவரே, இது பொய்யாகிவிடக்கூடாது என்றேன். பிறகு, இன்ன வருஷத்திலிருந்து இன்ன வருஷம் வரை பல ஆபீஸ்களில் லீவ் வேக்கன்ஸியில் டைப்பிஸ்ட் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வரியில் அடித்தேன். எதையும் மறைக்கவில்லை, கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்லவும் தயார். அதற்கு மேலே, மூன்று முறை திரும்ப அழைத்த ஆபீஸ். கீழே என் வேகம், சுருக்கெழுத்து, தெரிந்த பாஷைகள். தாளில் பாதி வெள்ளையாக நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் அதைக் கொடுத்தேன். மேலாளர் ஒரு பார்சிக்காரர். நின்றபடியே முழுவதும் படித்தார். மூன்று முறையும் எதற்காக உங்களையே கூப்பிட்டார்கள் என்று கேட்டார். நான் வேலை பார்க்க ஆரம்பித்த இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. கண் கலங்கியதை மறைத்துக்கொண்டு பதில் சொன்னேன். ஜூன் பிறக்குமுன் நிரந்தர ஆர்டர் என் கையில் இருந்தது. ஸ்தோத்திரம்.

நாத்தனாரே மெர்சியைக் கூட்டிவந்தாள். தாதர் ஸ்டேஷனில் பிள்ளை என்னைப் பார்த்ததும் அத்தை சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். அதையும் சேர்த்தே சொல்கிறேன். அவள் என் பக்கத்தில் படுக்கவே பல நாள் ஆயிற்று. அந்த நாள்களில்தான் நான் சண்டை போடாமல் ஜெபிக்கக் கற்றேன்.

உங்களில் யாராவது பதில் வரவில்லை என்று தவித்துக்கொண்டிருந்தால், அவரை நம்பிக் காத்திருங்கள். பதில் உங்களுக்கு எரிச்சலூட்டுகிற குரலில் வந்தாலும் எழுந்து ஓடிவிடாதீர்கள். நான் ஓடப்பார்த்தவள். இன்னும் எவ்வளவோ சொல்லலாம். ஆனால் கிரேஸ் தொண்டையைச் செருமுகிறாள். மெர்சி வேறு, "அம்மா, உக்காரும்மா" என்று என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள்.

உட்கார்ந்துவிட்டேன்.