அர்த்தநாரி சேர்த்துச் சொன்ன செய்தி

அர்த்தநாரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது எழுபத்தொன்றில், கலியாணமாகி இந்த ஊருக்கு வந்த மூன்றாம் நாள். எங்கள் ஊர் வெண்ணந்தூருக்கு மேற்கே இருக்கிறது. என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் சின்னுசாமி. அவர் சம்சாரம் செல்லாயி எனக்கு ஓரகத்தி முறை. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மூன்றாம் வகுப்பு வரை படித்த பெண் வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அக்கா ஒரு கார்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதப் படிச்சுச் சொல்லு கண்ணு. என்ற தம்பி அர்த்தநாரி எழுதியிருக்கறான்."

நாக்பூரிலிருந்து வந்த கார்டு. லாரியில் கிளீனராக ஓடிப்போன தம்பி எழுதியது. இரண்டே வரி. நான் சௌக்கியமாக இருக்கிறேன், இங்கே ஒருத்தருக்கும் தமிழ் தெரியவில்லை. அவ்வளவுதான். அதற்கே அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் அக்காவும் தம்பியும். அவருக்கு அக்கா வீடுதான் வீடு.

எழுபத்து நாலில் அர்த்தநாரி டிரைவர் ஆனார். ஏழு வருஷம் டெல்லி லைன் ஓட்டினார். ஊருக்கு வரும்போது கூடை நிறைய ஆரஞ்சுப் பழம் வரும். இந்தி தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார், ஆனால் ஒரு எழுத்து எழுதத் தெரியாது. சாலையில் கற்றுக்கொண்ட பேச்சு அது. எண்பத்தொன்றில் ஜபல்பூர்ப் பக்கம் ஒரு இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து, வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பேசி வைத்திருந்த பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். அக்கா மகன் மயில்சாமிக்கு அப்போது பதினேழு வயது. அர்த்தநாரிதான் அவனைத் தன் முதலாளியிடம் சொல்லிக் கிளீனராகச் சேர்த்துவிட்டார். பிறகு மாட்டுக் கொட்டகை ஓரமாகக் கட்டிலைப் போட்டுக்கொண்டு மூன்று வருஷம் படுத்துக் கிடந்தார். என்ன ஏது என்று கேட்க வந்தவர்கள் மெல்ல நின்றுபோனார்கள்.

அவரை எழுப்பி உட்கார வைத்தது டி.வி.தான்.

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால், பூட்டுப் போட்ட மரப்பெட்டிக்குள் ஒரு கறுப்பு வெள்ளை டி.வி. வந்தது. அந்த நாளில் எங்கள் பக்கத்துக்கு டெல்லிதான் வரும். செய்தி இந்தியில், அது முடிந்தால் இங்கிலீஷில். செய்தி வாசிக்கிற அம்மா தலையைக் குனிந்து தாளைப் பார்த்தே படிப்பார். ஒரு தாள் முடிந்தால் எடுத்து ஓரமாக வைப்பார். நாங்கள் மண்ணில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் அர்த்தநாரி பக்கத்தில் இருந்தவரிடம் அந்த அம்மா சொல்வதை மெல்லத் தமிழில் சொன்னார். பின்னால் இருந்து ஒருவர், "அட, எங்களுக்கும் கேக்கற மாதிரி சொல்லப்பா" என்றார். அன்றிலிருந்து அவர் செய்திக்காரர்.

அப்போதெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்வார். புரியாத சொல் வந்தால், "இது எனக்குத் தெரியலைங்க" என்று விட்டுவிடுவார். கடைசியில், "அந்தம்மா சொன்னது இவ்வளவுதானுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஊன்றுகோலை எடுப்பார். ஊரில் அவரைப் பார்த்து எழுந்து இடம் விட ஆரம்பித்தார்கள்.

எண்பத்தாறில் ராசு தன் டீக்கடையில் கலர் டி.வி. வாங்கி வைத்தான். பஞ்சாயத்துப் பெட்டி முன்னால் அப்புறம் யார் உட்காருவார்கள்? ஆண்கள் கடை பெஞ்சில், பெண்கள் ரோட்டுக்கு எதிர்ப்புறம் அரிசி மில் சுவர் ஓரம். செய்தியும் மாறிப் போயிருந்தது. முதலில் சோப்பு, பற்பசை, ஸ்கூட்டர் என்று வரிசையாக விளம்பரம் ஓடும். பிறகு பூமி உருண்டை சுற்றிக்கொண்டு வரும். வாசிக்கிறவர்கள் தாளைப் பார்ப்பதே இல்லை. நிமிர்ந்து நம் முகத்தைப் பார்த்தே சொல்வார்கள். பட்டுச் சேலை, நடுநடுவே சிரிப்பு. செல்லாயி அக்கா முதல் நாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "என்னையவே பாக்கறாளே, என்னடி வேணுமாம் இவளுக்கு?" என்றார்.

அர்த்தநாரியையும் ராசு அழைத்துக்கொண்டான். ஒருநாள் டீ ஆற்றிக்கொண்டே சொன்னான்:

"ஏனுங்க மாமா, அந்தம்மா கலர்ல வந்து சிரிக்கறா. நீங்க இன்னும் கறுப்பு வெள்ளையாவே சொல்றீங்க. கொஞ்சம் காரத்தப் போடுங்க."

"நான் டிரைவரப்பா. சமையக்காரனா?"

"ரெண்டு பேருமே ஆளத் தூங்க உடக் கூடாதுங்க மாமா."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்த வாரத்திலேயே சேர்க்க ஆரம்பித்தார்.

முதலில் சேர்த்தது பொய் இல்லை. பம்பாயில் தீப்பிடித்தது என்றால், "அந்தத் தெருவுல நான் வண்டி நிறுத்தியிருக்கறேனுங்க, ரெண்டு ஆள் ஒண்ணாப் போக முடியாது" என்பார். பிறகு ரயில் விபத்து என்றால், "அதுல நம்ம ஆத்தூர்க்காரர் ஒருத்தராமுங்க" என்று வந்தது. நம் பக்கத்து ஊர் ஒன்று காதில் விழுந்தால், வாய்க்குப் போன கிளாஸ் பாதியில் நிற்கும். அது அவருக்குத் தெரிந்துவிட்டது. கடையில் கூட்டம் நிற்க இடமில்லை. ராசு டி.வி.க்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டான். இவ்வளவுதானுங்க என்று அவர் முடிப்பது எப்போது நின்றது என்று எங்களுக்கே ஞாபகம் இல்லை.

எண்பத்தேழு ஆடி மாதம். வடக்கே பெருமழை. அன்றைக்கு டி.வி.யில் செம்மண் நிறத்தில் வெள்ளம் ஓடுவதையும், பாதி உடைந்து நின்ற பாலத்தையும் காட்டினார்கள். ஒரு லாரியின் பின்பக்கம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அர்த்தநாரி சொன்னார்:

"நாக்பூருக்கு வடக்க ஒரு பாலம் போயிருச்சுங்க. வண்டிக உள்ள போயிருச்சு, எத்தனைன்னு தெரியலையாமுங்க." ஒரு கணம் நிறுத்தினார். "அதுல ரெண்டு வண்டி சேலம் நம்பராமுங்க."

கிளாஸ்கள் நின்றன.

மயில்சாமி அப்போது டிரைவராகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் பம்பாய்க்கு லோடு கொண்டு போயிருக்கிறான் என்றுதான் அர்த்தநாரிக்குத் தெரியும். பம்பாயிலிருந்து ஜபல்பூருக்கு வேறு லோடு கிடைத்துப் போனது தெரியாது. அதை அன்று மத்தியானம் நாமக்கல் லாரி ஆபீசில் கேட்டு வந்தவர் சின்னுசாமி மாமா. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்து, பெஞ்சுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"மாப்ளே, எந்தப் பாலம்?"

அர்த்தநாரி பாலத்தின் பெயரைச் சொன்னார்.

"என்ற பையன் அந்தப் பக்கந்தான் போயிருக்கறான்."

ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அர்த்தநாரி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். வாய் திறந்தது. ராசு டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டான். ஐம்பது பேர் அவரையே பார்த்தார்கள். அது நான் சேர்த்தது மச்சான் என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"வேற வண்டியா இருக்குமுங்க மச்சான்" என்றார்.

விடியும்போது மாமா துணிப்பையோடு புறப்பட்டுவிட்டார். லாரி ஆபீசில் டிரங்க்கால் போட்டிருக்கிறார்களாம், பதில் வரும் வரை பொறுங்கள் என்றார்களாம். அவர் பொறுக்கவில்லை. ராசிபுரத்தைத் தாண்டினால் சேலம், சேலம் தாண்டி அவர் போனதே இல்லை. அர்த்தநாரியின் கட்டில் முன்னால் வந்து நின்றார். ராசு உள்பட பத்துப் பேர் கூட நின்றார்கள்.

"மாப்ளே, அங்க போயி எப்படிக் கேக்கோணும்னு எழுதிக் குடு."

செல்லாயி அக்கா குறுக்கே வந்தார். "நீயும் கூடப் போ தம்பி. அந்தப் பாசை உனக்குத்தான தெரியும்?"

"காலு புண்ணா இருக்குதக்கா" என்றார் அர்த்தநாரி.

புண் எதுவும் இல்லை. கூடப் போனால் தேடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிடும். ரெண்டு நாள் சுற்றிவிட்டு மச்சான் திரும்பிவிடுவார், அதற்குள் மயில்சாமியும் வந்துவிடுவான், பேச்சு அடங்கிவிடும் என்று நினைத்தாராம். பின்னால் அவரே சொன்னார்.

நோட்டுத் தாளில் எழுதினார். என் மகன் லாரி டிரைவர், பாலம் உடைந்த இடம் எது, தமிழ் தெரிந்தவர் யாராவது உண்டா. இந்திப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். வேறு எழுத்து அவருக்குத் தெரியாதே. மாமா எழுத்துக் கூட்டிப் படிப்பார். பஸ் வரும் வரை அந்த மூன்று வரியையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். எங்கள் காதுக்கே அது என்ன பாஷை என்று தெரியவில்லை. "சரியா வருதா மாப்ளே?" என்றார். "வருதுங்க" என்றார் அர்த்தநாரி. என் வீட்டுக்காரர்தான் சேலம் ஜங்ஷன் வரை போய் டெல்லி ரயிலில் ஏற்றிவிட்டு வந்தார்.

ஆறாம் நாள் சாயங்காலம் மயில்சாமி வந்து இறங்கினான். ஒரு கீறல் இல்லை. அந்தப் பாலத்தை முந்தின நாளே தாண்டிவிட்டானாம்.

"அப்பன் எங்க?" என்றான். சொன்னோம்.

"சேலம் வண்டியா? அந்த ரோட்டுல ஓடற நம்ம வண்டி ஒண்ணொண்ணும் எனக்குத் தெரியுமே. ஒண்ணும் போகல. யாரு சொன்னது?"

"டி.வி.யில சொன்னாங்க சாமி" என்றார் அக்கா.

அவன் கடைக்குப் போனான். நாங்களும் பின்னால் ஓடினோம். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அர்த்தநாரி நாற்காலியில் இருந்தார். இவனைப் பார்த்ததும் முகத்தில் உயிர் வந்தது. மறுகணமே போயிற்று.

"மாமா, டி.வி.யில சேலம் வண்டின்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்பொறம்?"

"அது நான் சேத்துனது."

"அந்தம்மா சொல்லாதத நீ எதுக்கு மாமா சொன்னே?"

அர்த்தநாரி பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். "எல்லாரும் கேட்டுட்டு இருந்தாங்க" என்றார்.

மயில்சாமி அவரை அடிக்கவில்லை. கையைப் பிடித்து எழுப்பி நிற்க வைத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கி ரோட்டில் எறிந்தான். ராசு டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

மாமா திரும்பவில்லை. மயில்சாமி இரண்டு தடவை போய்த் தேடினான். போலீசில் எழுதிக் கொடுத்தான். நாக்பூருக்கும் வடக்கே இடார்சி ஸ்டேஷனில் சாமான் தூக்குகிற தமிழ் ஆள் ஒருவர்தான் அடையாளம் சொன்னார். ஒரு பெரியவர் பிளாட்பாரத்தில் தாளை வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களிடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாராம். என்னவோ மந்திரம் சொல்கிறார் என்று சிலர் கையில் சில்லறை போட்டுவிட்டுப் போனார்களாம். அந்தத் தமிழ் ஆள் கிட்டே போவதற்குள் ஒரு வண்டி புறப்பட்டது, பெரியவரைக் காணோம். எந்த வண்டி, எந்தத் திசை, தெரியவில்லை.

அதற்குப் பிறகு மெட்ராஸ் செய்தி எங்கள் பக்கத்துக்கும் வர ஆரம்பித்தது. நல்ல தமிழில், நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்கள். ராசு கடையில் கூட்டம் குறையவில்லை. அர்த்தநாரியைப் போ என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அக்கா சோறு போடுவார். பேசமாட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்துப் பங்காளிகள் கூடினார்கள். மயில்சாமிக்குப் பெண் பார்க்க வேண்டும். தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்று கேட்கிற இடத்தில் என்ன சொல்வது? காரியம் செய்துவிடுவது என்று பேசி முடித்தார்கள். எங்களில் புருஷன் போனால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். கூடப் பிறந்தவன்தான் கொண்டுவந்து போட வேண்டும். அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் அர்த்தநாரி ஒருவர்தான்.

ராசிபுரத்தில் சேலை எடுத்துவந்து, கோலை ஊன்றி வாசலில் நின்றார். தலையில் துண்டு. சொந்தம் எல்லாம் சுற்றி நின்றோம்.

"அக்கா..."

அக்கா உள்ளே இருந்து வந்தார். நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்.

"அவரு செத்தத நீ பாத்தியா?"

"இல்லக்கா."

"ஆராவது உங்கிட்ட வந்து சொன்னாங்களா?"

"இல்லக்கா."

"அப்ப இதையும் நீயாத்தான் சேத்துச் சொல்ற." குரல் ஏறவே இல்லை. "போ. போயிப் பாத்துட்டு வந்து சொல்லு. அப்பொறம் வாங்கிக்கறேன்."

பெரியவர்கள் என்னென்னவோ சொன்னார்கள். அக்கா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அர்த்தநாரி சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தார். பஸ் ஏறிவிட்டார் என்று பொழுது சாய்ந்து தகவல் வந்தது. காரியம் நடக்கவில்லை. மயில்சாமிக்கு இன்னும் பெண் அமையவில்லை.

மச்சானைத் தேடிப் போன அர்த்தநாரி, லாரிக்காரர்கள் பார்த்துவந்து சொன்னபடி, இப்போது இடார்சிக்குத் தெற்கே, நம் பக்கத்து லாரிகள் நிற்கிற ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறார்.