மூன்றாம் நம்பர் மிஷினுக்குப் போட்ட காகித மாலை

பாசிலியாவுக்குக் கோபம் வந்தால் தெருவே கேட்கும். பயம் வந்தால் மட்டும் வாய் அடைத்துவிடும். அன்று சாயங்காலம் ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை.

பொலிவியாவின் மலைமேட்டு ஊரான எல் ஆல்தோவில் சந்தைத் தெருவை ஒட்டி அவள் நடத்தும் கடையில் எட்டுக் கம்ப்யூட்டர்கள். மூன்று, பாடம் டைப் அடிக்கத்தான் லாயக்கு. மிச்சம் ஐந்தில் கேம் ஓடும். அந்த ஐந்திலும் அவளுடைய கடைப் பிள்ளைகள் உட்கார்ந்து, கீழே லா பாஸ் நகரத்து அணியோடு அரையிறுதி ஆடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் என்பது அவள் வாய்க்குத்தான். தலைவன் ரெனான் மினிபஸ் ஓட்டுகிறவன், மீசைக்காரன். இன்னொருவன் ரொட்டி சுடுகிறவன்.

தெருமுனையில் புதுக்கடை போட்டவன், புத்தம்புது மிஷின்களில் ஓசியிலேயே ஆடச் சொல்லி அவர்களைக் கூப்பிட்டிருந்தான். "தோத்தாலும் எங்க அக்கா கடையிலதான் தோப்போம்" என்று ரெனான் சொல்லிவிட்டு வந்தானாம். அது காதுக்கு எட்டிய நாளிலிருந்து பாசிலியாவுக்குப் பெருமை பாதி, கலக்கம் பாதி. நம்பி வந்தவர்களை மிஷின் கவிழ்த்துவிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கடை திறப்பது?

கவிழ்த்தும்விட்டது. ரெனான் உட்கார்ந்திருந்த மூன்றாம் நம்பர், சண்டை உச்சத்துக்கு வரும்போதெல்லாம் திரை கறுத்து அவனை வெளியே தள்ளியது. ஒருமுறை, மறுமுறை. மூன்றாவது முறை தள்ளினால் ஆட்டம் எதிரணிக்கு என்பது போட்டி விதி. நடுவர் பத்து நிமிஷம் அவகாசம் கொடுத்தார்.

"அக்கா, இது எதனால ஆகுது?" ரெனானின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

தெரிந்தால் சொல்ல மாட்டாளா? திருவிழா முடிந்ததிலிருந்தே இந்தச் சனியன் இப்படித்தான் படுத்துகிறது. பழைய கம்பளி விற்றுக்கொண்டிருந்தவள், எந்தப் பள்ளிக்கூடமும் போகாமல் மிஷினைத் திறந்து திறந்து தொழில் கற்றவள். தெரிந்த வைத்தியம் எல்லாம் முன்பே செய்து பார்த்திருந்தாள். மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினாள். மெமரியைப் பிடுங்கி அதன் பல்லை ரப்பரால் தேய்த்தாள். ஒன்றாம் நம்பரின் பவர் பெட்டியைக் கழற்றி இதில் மாட்டினாள். ஒன்றுக்கும் அசையவில்லை.

"குளிருடி. உனக்கே விரல் விறைக்குது, அதுக்கு விறைக்காதா?" என்றாள் அண்ணன் மனைவி எவுசேபியா. கடை வாசலில் மாட்டு இதயக் கறியைக் குச்சியில் கோத்துச் சுட்டு விற்பவள் அவள். அடுப்புக்கு அப்போதுதான் கரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பேச்சைக் கேட்டுத்தான் காலையில் அந்த மிஷினுக்கு ஒரு கம்பளிப் போர்வை போர்த்தியிருந்தார்கள். வெயிலில் நின்றாலே பல் கிட்டுகிற ஊரில் சூட்டைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

பாசிலியா போர்வையை உருவிப் போட்டாள். பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே அவளுடைய செல்லம் இருந்தது: சந்தையில் பழைய செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் பொறுக்கி எடுத்து, அவளே துடைத்து உயிர் கொடுத்த கிராபிக்ஸ் கார்டு. கடையில் முதன்முதலாகக் கேம் ஓடியதே அதன் புண்ணியத்தில்தான். கிழட்டுக் கார்டு. விரலால் தொட்டாள்.

"ஐயோ!" என்று கையை உதறினாள். ரொட்டி சுடும் தகடு மாதிரி கொதித்தது.

"சூடுடா! குளிரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல!"

கார்டின் விசிறி கீழே பார்த்து இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. அவள் தரையில் மண்டியிட்டு, ஐந்து மடிப்புப் பாவாடை பரப்பிக்கொண்டு, போன் வெளிச்சத்தைக் கீழிருந்து அடித்தாள்.

திருவிழாச் செவ்வாயன்று ஊரே தன் வீட்டையும் வண்டியையும் தையல் மிஷினையும் அலங்கரித்து, பூமித்தாய்க்குக் கொஞ்சம் பீர் தெளித்து, வண்ணக் காகிதத் துணுக்கைத் தூவிக் கும்பிடும். மற்ற ஏழு மிஷின்களுக்கு அவள் மேல்மூடியோடு நிறுத்திக்கொண்டாள். இதற்கு மட்டும் ஆசை மிகுதியில் வயிற்றைத் திறந்து, அந்தக் கார்டுக்கே காகிதச் சுருளை மாலையாகப் போட்டு, இரண்டு சொட்டு பீரும் தெளித்திருந்தாள். இப்போது அந்த மாலை விசிறியின் அச்சில் இறுகச் சுற்றியிருந்தது. பீர் பிசுக்கில் துணுக்குகள் தகட்டு இடுக்கெல்லாம் ஒட்டி, ஓரம் கருகியிருந்தன. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை. கழுத்தை நெரித்தது அவள் கைதான்.

சுருளில் விரல் வைத்தாளோ இல்லையோ, எவுசேபியா கத்தினாள்.

"ஏய், எடுக்காதே! சாமிக்குப் போட்டது தானா உதிரணும். வருஷம் முடியறதுக்குள்ள பிடுங்குனா கடை விளங்குமா?"

"அண்ணி, இது உதிரறதுக்குள்ள கடையே உதிர்ந்துடும்!"

"உங்க அண்ணன் லாரி மாலையை எடுத்ததும் என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

"அவர் குடிச்சுட்டு ஓட்டுனாரு. அதுக்கு மாலை என்ன பண்ணும்?"

கடையில் யாரும் சிரிக்கவில்லை. நடுவர் மணி பார்த்துக்கொண்டிருந்தார். பாசிலியாவுக்கும் உள்ளுக்குள் நடுக்கம்தான். அவள் சாமியை விளையாட்டாக நினைக்கிறவள் இல்லை. "தாயே, கோவிச்சுக்காதே. தூக்கி எறியல, எடுத்துத்தான் வைக்கிறேன்" என்று முணுமுணுத்தபடி மிஷினை அணைத்துக் கார்டைக் கழற்றினாள். கொண்டை ஊசியால் சுருளைத் துண்டு துண்டாக உருவினாள். துணுக்குகளைச் சுரண்டி ஒரு தட்டில் சேர்த்தாள். மறுபடி மாட்டி மிஷினைப் போட்டாள்.

விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொன்று. முனகியது. நின்றுவிட்டது. இத்தனை நாள் இழுத்துப் போராடியதில் அச்சு தேய்ந்துபோயிருந்தது.

"இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றான் ரெனான்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது கரிப்புகை வாடையோடு ஏதோ ஒன்று அவள் தோளில் இடித்தது. எவுசேபியா, அடுப்புக்கு விசிறும் கோரைப்புல் விசிறியை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன முழிக்கிற? அடுப்புக் கரியை எரிய வைக்கத் தெரிஞ்ச விசிறிக்கு ஆற வைக்கவும் தெரியும். பிடி!" என்றவள், தானே போய்க் கடைக்கதவை அகலத் திறந்துவிட்டாள். "எல்லாரும் கோட்டைப் போட்டுக்கோங்கடா!"

மலைக்காற்று ஆலங்கட்டியின் ஈரத்தோடு உள்ளே பாய்ந்தது. ஆட்டம் தொடங்கியது. பாசிலியா தரையில் உட்கார்ந்து, திறந்த மிஷினின் வயிற்றுக்குள் விசிறினாள். திரையைப் பார்க்கவில்லை. அவள் கண் கார்டின் மேலேயே இருந்தது. தலைக்கு மேலே பிள்ளைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"இடது பக்கம் வர்றான், இடது பக்கம்!"

"ரெனான், உள்ள போ!"

சண்டை ஏறிய ஒவ்வொரு முறையும் இப்போது கறுக்கும், இதோ கறுக்கும் என்று வேகமாக விசிறினாள். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. கை மாற்றினாள். காற்றில் தலையிலிருந்த தொப்பி கழன்று உருண்டதும் தெரியவில்லை. விரல்கள் மரத்துப்போயின. மிஷின் முனகியது. கறுக்கவில்லை.

பிறகு சத்தம் ஓய்ந்தது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். நாற்காலிகள் நகர்ந்தன.

"தோத்துட்டோம் அக்கா" என்றான் ரெனான்.

அவள் நிமிரவில்லை. "மிஷின்...?"

"விழவே இல்லக்கா. அவனுங்க நல்லா ஆடுனானுங்க. நாங்கதான் சொதப்பிட்டோம்."

தோற்றுவிட்டார்கள் என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது. அதற்கு அடியில் ஒரு நிம்மதியும் ஓடியது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

ரெனான் மேஜையில் இருந்த தட்டை எடுத்தான். பட்டம் வாங்கியவர் தலையிலும் மணமக்கள் தலையிலும் தூவுகிற அதே காகிதத் துணுக்குதான், ஓரம் கருகிக் கிடந்தது. தொப்பியில்லாத அவள் தலையில் அதைக் கை நிறைய அள்ளித் தூவினான். மிச்சமிருந்த சுருளை எடுத்துக் கழுத்தில் போட்டான். ரொட்டிக்காரன் கைதட்டினான். வாசலிலிருந்து எவுசேபியா, "பாத்தியா, மாலை வீணாப் போகல!" என்றாள்.

"ஆட்டம் முடிஞ்சுதுக்கா" என்றான் ரெனான் மெதுவாக. "விசிறியைக் கீழே வைங்க."

அவள் இன்னும் விசிறிக்கொண்டுதான் இருந்தாள்.