அனுமதிக் கடிதம்

தர்மபுரியில் நான் நூலகராக இருந்தபோது, மாரண்டஹள்ளி பஸ்ஸில் வந்து இறங்குவார் அந்தப் பார்வையற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி, எத்தனை பக்கம் என்று ஏறத்தாழச் சொல்லிவிடுவார்.

அரசு வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை ஸ்கேன் செய்து தந்தால் கணினி அவருக்கு வாசித்துக் காட்டும். "காப்பிரைட் இருக்குதுங்க, பதிப்பகத்துல அனுமதி வாங்கிட்டு வாங்க" என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினேன். அவரும் யாரையாவது பிடித்துக் கடிதம் எழுதுவார். பதில் வந்ததே இல்லை.

2016இல், பாடப் புத்தகங்களை ஜெராக்ஸ் எடுப்பது பற்றி டெல்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பேப்பரில் பார்த்தேன். அதன் பிறகுதான் எங்கள் அலமாரியிலேயே இருந்த பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். பார்வையற்றவர்களுக்காகப் பிரதி எடுக்க அனுமதியே தேவையில்லை என்று 2012லேயே திருத்தியிருந்தார்கள்.

யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்காக இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தர வந்தவரிடம் அதைச் சொன்னேன்.

"பரீட்சை எழுதற வயசு போன மாசத்தோட முடிஞ்சு போச்சுங்க" என்றார்.

"எனக்கும் இப்பத்தாங்க தெரிஞ்சுது."

"உங்களுக்குக் கண்ணு தெரியுமுங்களே."

குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்தச் சட்டப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி ஓரத்தைத் தடவினார்.

"நூறு பக்கம்கூட இருக்காது போலிருக்குதுங்களே" என்றார்.