இடது காலில் செருப்பு

இனிமேல் கிளச் மிதிக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னபோது அவர் என் முழங்காலின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யன்னலுக்கு வெளியே வேம்பின் கீழ் நின்ற என் வானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சவ்வு தேய்ந்து எலும்போடு எலும்பு முட்டுகிறதாம். எனக்கு அது புதினமில்லை. போரில் இடம்பெயர்ந்த காலத்தில் ஒருநாள் பங்கர்க் குழிக்குள் குதித்தபோது முதலில் புரண்டது அந்த இடது முழங்கால்தான். அதன்பிறகு வன்னியில் உழவு இயந்திரம், கொழும்பில் லொறி, கட்டாரில் தண்ணீர் பவுசர், திரும்பி வந்து கொடிகாமத்தில் ஹயர் வான். எல்லாவற்றிலும் கிளச் இடது காலுக்குத்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த ஊரும் எனக்கு நெடுநாள் ஒத்துவந்ததில்லை. சாரதி ஆசனத்தில் மட்டும் முழுநாளும் இருப்பேன், அது ஓடிக்கொண்டிருப்பதால். வீட்டு முன் அறையில் ஒரு சின்னக் கடை போட்டால் என்ன என்று மனைவி கேட்டாள். சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில் இருக்கும் என்னை நினைத்துப் பார்த்தேன். அன்று இரவு நித்திரை வரவில்லை.

ஆகவே வானை விற்று, ஒட்டோமெற்றிக் கியர் உள்ள பழைய ஜப்பான் கார் ஒன்றை எடுத்தேன். அதில் கிளச் இல்லை. இடது காலுக்கு வேலையே இல்லை.

சந்தைக்கு முன்னால் ஹயருக்கு நிற்பவர்கள் காரைச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"உதென்ன, ஸ்கூட்டிக்கு நாலு சில்லுப் பூட்டினதோ?"

"அண்ணை, உது தானே ஓடுமெண்டால் நீங்கள் என்னத்துக்கு? வீட்டை இருந்து காரை மட்டும் அனுப்பி விடுங்கோவன்."

சிரித்துவிட்டு நானும் பிளேன்ரீ குடித்தேன்.

புது வண்டி எடுத்தால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, நான்கு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு புறப்படுவதுதான் எங்கள் வழக்கம். நானும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். செருப்பைக் கழற்றியதற்குக் கோயில் மட்டும் காரணமில்லை. நான் எந்த வண்டியையும் வெறுங்காலோடுதான் ஓட்டுவேன். பெடலைப் பாதம் தொட வேண்டும். ஐயர் தீபம் காட்டிவிட்டுக் கையசைத்தார். கார் மெல்ல உருளத் தொடங்கியதும் இரண்டாம் கியருக்குக் கை போனது. கூடவே இடது காலும் கிளச்சைத் தேடிப் போய் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தது. கார் குதித்து நின்றது. மூன்று தேசிக்காய் நசிந்தன. நான்காவது தப்பி உருண்டு போய் ஐயரின் காலடியில் நின்றது.

"அதையும் ஒருக்கா நசிச்சிட்டுப் போங்கோ," என்றார் ஐயர்.

அதன்பிறகு கால் அடங்கிவிட்டது போலத்தான் இருந்தது. கியரை ஒருமுறை 'டி' என்ற ஓட்டத்தில் போட்டுவிட்டால் கைக்கும் வேலையில்லை, காலுக்கும் வேலையில்லை. முழங்கால் வீக்கம் வற்றியது. இந்தக் காரால் மிகவும் சந்தோசப்பட்டவர், கொடிகாமம் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்யும் ஒரு அண்ணை. முன்பு அவருடைய குலைகளை என் வானில் ஏற்றியவன் நான். இப்போது அவரையே ஏற்றுகிறேன். சிறுநீரகம் பழுதாகி, கிழமையில் சில நாட்கள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டும். திரும்பி வரும்போது அவரிடம் ஒரு பழைய சீலைக்குரிய பலம்தான் இருக்கும். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் சத்தி எடுப்பார். புதுக் காரில் பின் ஆசனத்தில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டு வந்தார்.

"இப்பதான்ரா நீ ஓட்டப் பழகியிருக்கிறாய்," என்றார்.

நானும் அதோடு இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு இருக்க முடியவில்லை. சாரதி ஆசனத்தில் இருந்தும் நான் பயணியாகத்தான் இருந்தேன். ஏ ஒன்பது வீதியில் ஒரு பஸ்ஸை முந்த நினைத்து மிதித்தால் கார் ஒரு மூச்சு யோசித்துவிட்டுத்தான் பாயும். மெனுவல் வண்டியில் அந்த யோசனை என்னுடையது. இஞ்சின் சத்தம் காதில் விழும்போதே கை கியரை இறக்கியிருக்கும். இப்போது இடது கை மடியில் கிடந்தது.

ஸ்டேரிங்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் காது மாதிரிப் பூட்டும் பேடில் ஷிஃப்டர் பற்றி யாரோ சொன்னார்கள். வலது காதை இழுத்தால் கியர் ஏறும், இடது காதை இழுத்தால் இறங்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதிக்கு உள்ளே கராஜ் வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் தம்பி அதைச் செய்வார் என்று போனேன். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது சின்னப் பிள்ளையாக யாழ்ப்பாணத்தை விட்டுப் போய், புத்தளத்தில் வயரிங் வேலை பழகி, திரும்பி வந்து கராஜ் போட்டவர். காரின் கியர்க் கம்பியைப் பார்த்தார். ஓட்டத்துக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் போட்ட தனி இடம் ஒன்று அதில் இருந்தது.

"இது இருக்கிறபடியால் பூட்டலாம். இல்லாட்டி வீண் வேலை," என்றார். பிறகு வீதியைக் காட்டினார். "ஆனா அண்ணை, யாழ்ப்பாணத்தில ஏத்தமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஊர் முழுக்கத் தோசைக்கல்லு மாதிரிக் கிடக்கு. உங்களுக்கு என்னத்துக்கு இது?"

"என்ரை கைக்கு," என்றேன்.

அவர் சிரித்தார். இடிபட்டு உடைக்கப் போட்டிருந்த அதே இனக் கார் ஒன்றிலிருந்து, காதுகள் உள்ள ஸ்டேரிங்கைக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டினார். காற்றுப்பை வெடித்துவிடும் என்று பற்றரியைக் கழற்றிவைத்துவிட்டு ஆறுதலாகச் செய்தார். முடிந்ததும் சொன்னார்:

"ஒண்டு சொல்லுறன். இதைக் கிளச் வண்டி எண்டு நினையாதேங்கோ. நீங்கள் கேக்கலாம். குடுக்கிறதோ இல்லையோ எண்டு உள்ளுக்கிருக்கிற கொம்பியூட்டர்ப் பெட்டிதான் யோசிக்கும். அளவுக்கு மிஞ்சி வேகத்தில போகேக்க கீழ் கியர் கேட்டா அது தராது."

"என்ரை மனிசி மாதிரி."

"எல்லாற்றை மனிசியும் மாதிரித்தான்."

தனியே ஓட்டிப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது குறைந்தது. விரலால் ஒரு தட்டு, இஞ்சின் குரல் மாறும். மறுநாள் வியாபாரி அண்ணையை ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றிக்கொண்டு அதே சந்தோசத்தில் வந்தேன்.

நாவற்குழிப் பாலம் தாண்டியதும் மாடுகள் வீதிக்கு ஏறின. வேகத்தைக் குறைக்க இடது காதை இழுத்தேன். கை கியர் மாற்றியது என்று கால் அறிந்துகொண்டது. முப்பது வருடப் பழக்கம் ஒரே மிதியில் பிரேக்கில் இறங்கியது. ரயர் கத்தியது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தபடி ஒரு சாண் இடைவெளியில் விலகிப் போனது. அண்ணை ஆசனத்திலிருந்து கீழே உருண்டு விழுந்தார்.

இறங்கி ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஊசி குத்திய கையில் கட்டு நனைந்து சிவந்துகொண்டு வந்தது. அவர் மற்றக் கைப் பெருவிரலால் அதை அமத்திப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குத் திருப்பட்டோ அண்ணை?"

"திருப்பு. இதை நான் பிடிக்கிறன். நீ உன்ரை காலைப் பிடி."

காதுகளைத் தொடாமல் திருப்பிக்கொண்டு போனேன். இரத்தம் நின்றது. புதுக் கட்டுப் போட்டு விட்டார்கள். வீட்டில் இறக்கும்போது அவர் கோபிக்கவில்லை. அடுத்தமுறை யாரோடு போவார் என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்? நானே என்னை நம்பாவிட்டால் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில்தான்.

திருநெல்வேலித் தம்பிக்குப் போன் எடுத்து, காதுகளைக் கழற்ற வேண்டும் என்றேன்.

"கழட்டித் தாறன். ஆனா அண்ணை, கோயிலடியில மிதிச்சதெண்டு சொன்னனீங்கள்தானே, அப்ப காது இல்லையே? காதைக் கழட்டலாம். காலை என்னண்டு கழட்டிறது?"

போன் ஸ்பீக்கரில் கிடந்தபடியால் மனைவியும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கிண்டல் பண்ணப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தாள்.

"நீங்கள் வண்டியில ஏறினாச் செருப்பைக் கழட்டுவியள். வெறுங்கால் எண்டால் உங்கடை காலுக்கு வேலை துவங்கீட்டுது எண்டு அர்த்தம். இடது காலுக்கு ஏன் கழட்டுறியள்? அதுக்கு அங்கை என்ன வேலை?"

இத்தனை நாளும் கையைப் பற்றியே யோசித்திருந்தேன். அடுத்தநாள் அவளுடைய ஊரான உடுப்பிட்டிக்குப் போவதாக அயலில் சொல்லிவிட்டுக் காரை எடுத்தோம். வலது கால் வெறுங்கால், இடது காலில் செருப்பு. வரணி தாண்டி வீதியில் ஆட்கள் இல்லாத வெளியில் நிறுத்தி, கியரைக் காதுகளுக்கு மாற்றினேன். அவள் பக்கத்து ஆசனத்திலிருந்து சரிந்து என் இடது முழங்காலில் கையை வைத்தாள்.

"இப்ப இழுங்கோ."

இழுத்தேன். கால் துடித்தது.

"கால்!" என்று அமத்தினாள்.

போய்த் திரும்பி, போய்த் திரும்பி, வெயில் ஏறும்வரை அந்த வெளியில் ஓடினோம். மாடு மேய்த்தவர் ஒருவர் நின்று பார்த்தார். கணவன் மனைவிக்குச் சண்டை என்று நினைத்திருக்கக்கூடும். கால் எழும்பப் பார்க்கும். செருப்பின் அடி தரையில் உரசும். அந்த உரசலிலேயே அது நின்றுவிடும். செருப்புப் போட்ட கால் நடக்கிற கால் என்று அதுவும் ஒருமாதிரி ஒத்துக்கொண்டது. கடைசியில் அவள் கையை எடுத்துவிட்டு யன்னலால் வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

"கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில நீ இவ்வளவு நேரம் என்ரை முழங்காலைப் பிடிச்சதில்லை," என்றேன்.

"பிரேக்கைப் பாத்து ஓட்டுங்கோ," என்றாள். ஆனால் சிரித்தாள்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் வியாபாரி அண்ணையின் வீட்டுக்கு முன்னால் போய் நின்றேன். அவர் கூப்பிடவில்லை, ஆனால் போகாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் படலையைத் திறந்து வந்து, பின் கதவைத் திறக்காமல் என் பக்கத்துக் கதவடியில் குனிந்து கீழே பார்த்தார். செருப்புக் கதையை என் மனைவி அவர் வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள் என்று விளங்கியது.

"மற்றது எங்கை?"

"வலதோ? சீற்றுக்குக் கீழை கிடக்கு."

"ஒற்றைச் செருப்புக்காரனோடை போறன் எண்டு சனம் சிரிக்கப் போகுது," என்று சொல்லிக்கொண்டு ஏறினார்.

போகும்போது காதுகளைத் தொடவில்லை. பிற்பகலில் திரும்பும்போது அவர் பின்னால் சுருண்டு கிடந்தார், கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்தபடி. பாலத்துக்கு இப்பால் அதே இடத்தில் அதே மாடுகள். தொடாமல் விட்டிருக்கலாம். ஆனால் கால் என் சொல் கேட்குமா என்பது இன்று தெரியாவிட்டால் நாளைக்கும் பயந்துகொண்டுதான் ஓட்ட வேண்டும். பின்னால் வண்டி ஒன்றும் இல்லை என்று கண்ணாடியில் பார்த்தேன். வேகம் குறைவாகத்தான் இருந்தது. கியரைக் காதுகளுக்கு மாற்றி, இடது காதை மெல்ல இழுத்தேன்.

இஞ்சின் குரல் உயர்ந்து உறுமியது. கார் தளர்ந்தது. செருப்பு அசையவில்லை. வலது காலால் பிரேக்கை மெதுவாகத் தொட்டு நிறுத்தினேன். மாடுகள் அவசரமில்லாமல் கடந்து போயின. பின்னால் குறட்டைச் சத்தம் நிற்காமல் கேட்டது.

என் நெஞ்சுக்குள் இருந்து வந்த பெருமூச்சு முன் கண்ணாடியில் பட்டிருக்கும்.

காதுகள் இன்னும் காரில் இருக்கின்றன. பெரும்பாலும் அவற்றை விட்டுவிடுகிறேன். கார் தன்பாட்டில் யோசிக்கட்டும். பஸ்ஸை முந்தும்போது மட்டும் கேட்கிறேன், அதுவும் தருகிறது. மெனுவல் வண்டி மாதிரி இல்லை. ஆனால் முழங்கால் நோகவில்லை, கடையும் போடவில்லை.

அன்று அவர் வீட்டுப் படலையடியில் நிறுத்தியபோதுதான் அண்ணை விழித்தார்.

"வந்திட்டமோ? மாடு ஒண்டும் வரேல்லையோ?"

"வந்தது அண்ணை."

அவர் என்னையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, படலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"புதன்கிழமையும் நீதானே?"

"ஓம் அண்ணை. செருப்போடை வாறன்."