ஜாதகத்தோடு வந்த வாத்தியார்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை எனக்கு. ஒருநாள் கல்லூரி வாத்தியார் ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். பதில் சொல்லுமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

வியாபார நிர்வாகம் என்று புதுப் படிப்பாம். படிக்கிற பையன்கள் ஒரு மாதம் கடையில் வேலை பழக வேண்டுமாம். ஒரு பையனின் போட்டோவை முதலாளியிடம் நீட்டினார். முதலாளிக்குக் கல்யாண வயதில் பெண் இருந்தாள்.

"பையன் லட்சணமா கீறான். ஜாதகம் எங்க வாத்தியாரே?"

"வேலை பழகத்தாங்க அனுப்புறேன்."

"மாப்பிள்ளையா வராதவன கல்லாகிட்ட எப்படிப்பா உக்கார வைக்கிறது?"

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார்.

"எல்லாக் கடையிலயும் இதான் சொல்றாங்க. யாரும் சேத்துக்கலைன்னா வகுப்பையே மூடிடுவாங்க."

முதலாளி காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் கடை திறக்கும்போதே வாத்தியார் பையனோடு வந்து நின்றார். கையில் மஞ்சள் தடவிய ஜாதகம். முதலாளி அதை ஜோசியரிடம் கொடுத்தனுப்பினார். பையனையும் கல்லா பக்கத்தில் உட்கார வைத்தார்.

பொருத்தம் இல்லை என்று ஜோசியர் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. வழக்கமாக மறுநாளே சொல்லிவிடுகிற ஆள் அவர்.

பையனை அழைத்துப் போக வந்த வாத்தியாரிடம், "ஜோசியர் உங்களுக்குப் பழக்கமா சார்?" என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.