இதைவிடச் சத்தமான கூலர் இருக்கிறதா?

கம்ப்யூட்டர் ப்ராசஸருக்குக் கூலர் வாங்குவது எப்படி என்று நான் படித்ததெல்லாம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டுதான். இடது கையில் குழந்தை, வலது கையில் கைப்பேசி. இணையத்தில் கூலர் விமர்சனம் எழுதுகிறவர்கள் தனி ரகம். அந்தக் குட்டி விசிறி சுற்றும் சத்தத்தை டெசிபலில் அளந்து, முன்பு வாங்கியதைவிட மூன்று டெசிபல் கூடுதலாம், அதனால் தூக்கமே போய்விட்டதாம் என்று பத்தி பத்தியாகப் புலம்புவார்கள். அதைப் படித்துக்கொண்டிருந்த எனக்கும் எட்டு விசைத்தறிகளுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். தடதடவென்று அடித்தால் தண்ணீர்ச் சொம்பு தானாக நகர்ந்து போகும். வாங்கடா ராஜாக்களா, நகரிக்கு வந்து ஒரு நாள் படுத்துப் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆந்திர எல்லையில் இருக்கும் அந்த நகரிக்கு, அண்ணன் வீட்டுக்கு, பிரசவத்துக்கு வந்தவள், ஐந்து மாதமாக அங்கேயே இருந்தேன். அப்பா அம்மா இல்லை. அண்ணன் தறி ஓட்டினான், அண்ணி எனக்குப் பத்தியம் சமைத்தாள். என் வீட்டுக்காரருக்குச் சென்னைக்கு வடக்கே தடா பக்கத்தில் ஒரு ஃபாக்டரியில் ஷிப்ட் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் வருவார், மகளைத் தூக்கிக் கொஞ்சுவார், கொஞ்சும்போதே தூங்கிவிடுவார். நான் பெங்களூரில், இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளைக் கட்டி முடித்ததுபோலக் கம்ப்யூட்டரில் படமெடுத்துக் காட்டும் ஒரு கம்பெனியில் இருந்தேன். நீச்சல் குளம், அதில் குளிக்கும் வெள்ளைக்காரக் குடும்பம், மேலே நாலு புறா. புறா உட்பட எல்லாம் பொய்.

பிரசவ லீவு முடிந்ததும் மேனேஜர் போன் செய்தார். வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் யாரையும் சும்மா நம்புகிறவரும் இல்லை.

"ஒரு வீடியோ வேலை அனுப்பறேன். உங்க வீட்டு மெஷின்லயே முடிச்சு அடுத்த திங்கட்கிழமை காலையில அனுப்பிடுங்க. வந்துட்டா அங்கிருந்தே வேலை பாருங்க. வரலேன்னா ஒண்ணாம் தேதி ஆபீசுக்கு வந்துடுங்க."

பெங்களூரில் நான் இருந்த ஹாஸ்டலில் பூனையைக்கூட விட மாட்டார்கள், பிள்ளையை எங்கே விடுவார்கள்? மகளை அண்ணியிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போக வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். ஒரு சம்பளத்தில் எங்கள் குடும்பம் ஓடாது, வேலையை விட எனக்கு மனமும் இல்லை. பால் மணக்கும் அந்தத் தலையை விட்டுவிட்டு பஸ் ஏறுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

என் மெஷின் டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு குட்டிப் பெட்டி. வீட்டுக்காரர் சென்னையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. வீடியோ வேலையைப் போட்டால், ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு வரைய அது நாள் முழுக்க மூச்சுவிடாமல் உழைக்க வேண்டும். அது அரை மணி நேரத்தில் கொதித்துத் தானாக அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. மூடியைத் திறந்தால் கூலரே தெரியவில்லை. விசிறியின் மேலும் அடியிலும் நீல நிறத்தில் பஞ்சுத் தூசி தடிமனாக அடைத்துக்கொண்டிருந்தது. அந்த மாதம் தறியில் நீல லுங்கி.

அண்ணி எட்டிப் பார்த்தாள். "தே பாரு, உம் பொட்டியும் லுங்கி நெய்துக்கினு கீது."

பஞ்சை எடுத்துப்போட்டு, அண்ணனிடம் தறிகளை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொன்னேன். மெஷின் அணையவில்லை. ஆனால் மகள் எழுந்துவிட்டாள். வயிற்றிலிருந்தே தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை. எட்டுத் தறியும் அடித்தால் மகாராணி மாதிரித் தூங்குவாள், நின்றால் உலகமே நின்றுபோனதாக அலறுவாள். அவளைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டு மவுஸ் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. அதோடு, தறி நின்றால் அண்ணனுக்குக் கூலி நிற்கும். ஆக, தறியும் ஓட வேண்டும், பிள்ளையும் தூங்க வேண்டும், பெட்டியும் கொதிக்கக் கூடாது. அப்படி ஒரு கூலர் வேண்டும் எனக்கு.

தேடினால், நல்ல கூலர்கள் எல்லாம் கோபுரம் மாதிரி உயரம். என் பெட்டியின் மூடிக்கு அடியில் மூன்று விரல் இடம்தான். தட்டைக் கூலர்களில் இரண்டு மிஞ்சின. ஒன்றை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், ஓடுவதே தெரியாதாம். இன்னொன்றைத் திட்டாதவர் இல்லை. காது போச்சு, வீட்டில் மனைவி பேசவில்லை, தூக்கிப் போட்டேன் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். புத்திசாலியான நான் சத்தமில்லாததைத் தேர்ந்தெடுத்தேன்.

வியாழக்கிழமை வீட்டுக்காரர் அதை வாங்கி வந்தார். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசச் சாம்பல் நிறத்தில் ஒரு பசை டியூபும் இருந்தது. பழைய பசையைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு வைத்தேன்.

"இம்மாம் காசு குட்த்து வாங்கினு வந்து இத்தினிதான் பூசுவியா?" என்றாள் அண்ணி. "என் மூஞ்சிக்காவது குடு."

வெள்ளிக்கிழமை தறிகள் முழு வீச்சில் ஓட, வேலையைப் போட்டேன். வெப்பம் ஏறியது, ஆனால் மெஷின் தாங்கியது. மத்தியானம் பாதிக்குமேல் முடிந்துவிட்டது. மகளைக் குளிப்பாட்டப் போகும்போது அண்ணனைக் கூப்பிட்டு, கொஞ்சம் பார்த்துக்கொள் என்றேன். அவனைவிட நம்பிக்கையான காவல் யார்? எட்டுத் தறிக்கும் நடுவே பாய் விரித்துக் குறட்டை விடுகிறவன், ஒரே ஒரு தறியில் நூல் அறுந்து சத்தம் குறைந்தால் சட்டென்று கண்ணைத் திறந்துவிடுவான்.

திரும்பி வந்தபோது திரையில் விண்டோஸ் புதிதாகத் திறந்து என்னைப் பார்த்து வரவேற்றது. ஓடிக்கொண்டிருந்த வேலையைக் காணோம்.

"அண்ணா, இன்னா பண்ணே?"

"தெரை கறுப்பாப் பூட்ச்சி மா. காதை வச்சிப் பாத்தேன், சத்தமே இல்ல. நின்னுப் பூட்ச்சின்னு அந்தப் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணேன்."

நல்லது செய்த முகத்தோடு நின்றான். தறிக்காரனுக்குச் சத்தம் இல்லையென்றால் மெஷின் நின்றுவிட்டது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் தொடாவிட்டால் திரை மட்டும் தானாக அணையும், மெஷின் சத்தமில்லாமலும் ஓடும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. வீடியோவைப் படம் படமாகச் சேமிக்காமல் ஒரே கோப்பாகப் போட்டிருந்தேன். முடிந்த பாதியும் மண்.

"நீ மனுஷனா? உன்னைத் தொடச் சொன்னேனா? பார்க்கத்தானே சொன்னேன்! என் பிள்ளையை விட்டுட்டு நான் போகணும்னு உனக்கு ஆசையா?" என்று கத்தினேன். எட்டுத் தறியையும் மீறித் தெருவுக்குக் கேட்டது. அவன் தறிப் பக்கம் போய்விட்டான். அன்று அவன் சோறு தின்னவில்லை. நானும்தான்.

கோபம் அடங்கியதும் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரே நாளில் புதுக் கூலரின் தகடுகளுக்கு நடுவே பஞ்சு ஏறிவிட்டது. சீப்புப் பல்லைவிட நெருக்கமான தகடுகள், அதில் நிதானமாகச் சுற்றும் விசிறி. தூசியை வெளியே தள்ள அதற்குத் தெம்பில்லை. அந்த விமர்சனக்காரர்கள் ஒருவர் வீட்டிலும் லுங்கி நெய்யவில்லை.

சனிக்கிழமை காலை மகளுக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, அண்ணியிடம் விட்டுவிட்டு, பெட்டியைப் பிள்ளையின் துணிப்பைக்குள் திணித்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன். அக்கம்பக்கமெல்லாம் மொட்டை போடப் போகிற தலைகள். அவர்களுக்காவது போனால் மொட்டை நிச்சயம், எனக்கு எதுவும் நிச்சயமில்லை.

திருப்பதியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "கேமிங்கா மேடம்?" என்றார்.

"இல்ல, தறி."

அவருக்குப் புரியவில்லை. விலை உயர்ந்த ஒன்றை எடுத்து மின்சாரம் கொடுத்துக் காதருகே காட்டினார். "சூடண்டி, சவுண்டே லேது." பாருங்கள், சத்தமே இல்லை என்கிறார்.

"சவுண்டு காவாலண்டி, சத்தம் வேணும்," என்றேன். "இதைவிடச் சத்தமான கூலர் இருக்கிறதா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய வியாபார வாழ்க்கையில் இப்படிக் கேட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பரண்மேல் கை விட்டு, தூசி படிந்த ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். இணையத்தில் எல்லோரும் திட்டித் தீர்த்த அதே கூலர். சத்தம் தாங்கவில்லை என்று ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதாம். தகடுகள் தடித்தவை, நடுவே தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி. போட்டுக் காட்டினார். மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்த மாதிரி ஒரு அலறல். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இதான், இதான்!" என்றேன்.

அங்கேயே மாட்டச் சொன்னேன். மூடி மயிரிழையில் மூடியது. மெஷினுக்கு முழு வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓட விட்டு, வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வந்த வாடிக்கையாளர்கள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்கள். கடைக்காரர் நெற்றிப்பொட்டை அழுத்தியபடி, "சாலு மேடம், சாலு, போதும்," என்று கும்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தேன். இந்தமுறை படம் படமாகச் சேமித்தேன். தறிகள் அடித்தன, கூலர் கத்தியது, மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அண்ணன் வாசற்படியிலேயே நின்று காதைச் சாய்த்துக் கேட்டான். உள்ளே வரக் கூச்சம்.

"இப்பதான் மெஷினு மாரி கீது," என்றான்.

"உள்ள வாண்ணா," என்றேன். "ஆனா கையைப் பின்னால கட்டிக்கோ."

சிரித்துவிட்டான். அதற்குப்பிறகு அடிக்கொருதரம் கையைக் கட்டிக்கொண்டு வந்து கேட்டுவிட்டுப் போனான். வெப்பம் மேலே ஏறிப் பயங்காட்டிவிட்டு அங்கேயே நின்றது. பஞ்சு சேரச்சேர அண்ணி பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் காற்று போகும் ஓட்டைகளைத் துடைத்துவிட்டாள்.

"உனக்குப் பொண்ணு ஒண்ணா, ரெண்டா? ரெண்டுக்கும் தொடைக்கறது நான்தான்."

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. புறா உட்பட எல்லாம் சரியாக வந்திருந்தது.

திங்கட்கிழமை காலை, பெரிய கோப்பு போகிற அளவுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான மொட்டைமாடி மூலையிலிருந்து வீடியோவை அனுப்பினேன். பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார்.

"நல்லா வந்திருக்கு. நீங்க அங்கிருந்தே பண்ணுங்க. ஆனா ஒண்ணு, மீட்டிங்ல மட்டும் தயவுசெஞ்சு மைக்கை அணைச்சு வையுங்க. ரயில்வே ஸ்டேஷன்லயா குடியிருக்கீங்க?"

படியில் விழுந்தடித்து இறங்கி, சமையலறைக்குள் ஓடி அண்ணியிடம் சொன்னேன். ஒரு கிண்டலாவது வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் கரண்டியை அப்படியே வைத்தாள்.

"மெய்யாலுமா? போவ வாணாமா?"

"போக வேண்டாம் அண்ணி."

அடுப்பை அணைத்துவிட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு பால்மாவு டப்பாவையும் புட்டியையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். டப்பா திறந்திருந்தது.

"நீ பொட்டியாண்ட குந்திக்கினு இருக்கசொல்லோ, பாப்பாவ எட்த்துகினு போய் குட்த்துப் பாத்தேன் மா. ஒரு வாரமா, தெனம். நீ திருப்பதி போன அன்னிக்கி அம்மாம் பசியில கூட ஒரு வாய் உள்ள எறங்கல. துப்பி, கத்தி, மூச்சே நின்னுடும்போல ஆயிட்ச்சி. நீ பூட்டா இத எப்டிக் காப்பாத்தப் போறேன்னு எனக்குச் சோறு எறங்கல."

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா, அப்பவே நீ வேலைய வுட்டுட்டு இருப்பே."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடுப்பைப் பற்றவைத்துக் கரண்டியை எடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் தள்ளவில்லை, கரண்டியையும் விடவில்லை, குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.